உந்தியிலிருந்து இதழ்வரை: பிறப்பியலும் சிக்ஷையும் சந்தையும்

உபய வேதாந்தம் என்று நம் பூர்வாசாரியர்கள் போற்றும் இரண்டு மறைகளும் நாவிற் பிறந்து, செவியிற் புகுந்து, மீண்டும் நாவில் நின்று வளர்ந்தவை. ஒன்று கேட்கப்படுவதால் சுருதி எனப் பெயர் பெற்றது. மற்றொன்றின் முடிமணியாகிய பிரபந்தமோ திருவாய்மொழி என வாயினாலேயே பெயர் பெற்றது. ஏடும் எழுத்தாணியும் இவ்விரண்டுக்கும் பிற்காலத்துத் துணைகளே. ஆதலால், மனித உடல் எவ்வாறு மூச்சை எழுத்தாக்குகிறது என்னும் வினா நம் ஸம்பிரதாயத்தார்க்கு இலக்கணத்தோடு ஒழியும் வினா அன்று. ஓதுதல் பிழையாது நிற்பதற்கு உரிய வினாவுமாகும்.

இவ்வினாவுக்கு வடமொழியில் சிக்ஷை நூல்களும் பிராதிசாக்கியங்களும், தமிழில் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலும் விடை கூறுகின்றன. இவற்றை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். எழுத்து என்பது உறுப்புகளின் தொழில். வரிவடிவம் அதன் அடையாளம். அடையாளம் மாறாது நிற்கும்போதே தொழில் மாறிவிடக்கூடும். அங்ஙனம் மாறியதைக் கண்டறியப் பிறப்பியல் நமக்கு அளவுகோலாகிறது. மாறாமற் காக்கச் சந்தைமுறை அரணாகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்ஷை கூறும் முறை

வேதாங்கங்கள் ஆறனுள் சிக்ஷையை முதற்கண் எண்ணுவது பெருவழக்கு. தைத்திரீய உபநிஷத்தின் சிக்ஷாவல்லி, எழுத்து, ஸ்வரம், மாத்திரை, முயற்சியின் வலிமை, சமநிலை, இடையறாத் தொடர்ச்சி என ஓதுதற்குரிய ஆறு பொருள்களைத் தொடக்கத்திலேயே எண்ணிவிடுகிறது. பிரஹ்மத்தை ஆனந்தமாக உபதேசிக்கும் அவ்வுபநிஷத்து, அதற்கு முன்னே மாணாக்கனின் வாயைத் திருத்துகிறது என்பது கருதத்தக்கது.

பாணினீய சிக்ஷை ஒலியின் பிறப்பை அகத்திலிருந்து தொடங்கிச் சொல்கிறது. ஆத்மா புத்தியோடு கூடிப் பொருள்களைத் திரட்டிக்கொண்டு, சொல்ல வேண்டும் என்னும் விருப்பத்தால் மனத்தை ஏவுகிறது. மனம் உடலின் அக்கினியைத் தாக்குகிறது. அக்கினி வாயுவைத் தூண்டுகிறது. அவ்வாயு நெஞ்சில் உலவும்போது மந்த்ர ஸ்தாயியும், கண்டத்தில் மத்யமமும், தலையில் தாரமும் தோன்றுகின்றன. தலையை முட்டித் திரும்பிய வாயு வாயை அடைந்து வர்ணங்களை ஈனுகிறது. அவ்வர்ணங்களை ஸ்வரம், காலம், ஸ்தானம், பிரயத்னம், அனுப்ரதானம் என்னும் ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அந்நூலின் கொள்கை. நெஞ்சு, மிடறு, தலை, நாவின் அடி, பற்கள், மூக்கு, இதழ்கள், அண்ணம் என ஸ்தானங்களை எட்டாக அது எண்ணுகிறது.

இந்நுணுக்கம் வீண் ஆராய்ச்சி அன்று என்பதற்குத் த்வஷ்டாவின் கதையே சான்றாக எடுத்துக்காட்டப்படுவது வழக்கம். இந்திரனைக் கொல்பவன் தோன்றுக என்று வேள்வி செய்தவன், ஒரு சொல்லில் ஸ்வரத்தை இடம் மாற்றி உச்சரித்ததால், இந்திரனாற் கொல்லப்படுபவனைப் பெற்றான். எழுத்து ஒன்றும் மாறவில்லை. குரலின் ஏற்றம் ஒன்றே இடம் பெயர்ந்தது. அதனால் தொகைச்சொல்லின் பொருள் தலைகீழாயிற்று.

பிறப்பியல் கூறும் முறை

தொல்காப்பியனாரும் உந்தியிலிருந்தே தொடங்குகிறார். உந்தியில் எழுந்த காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புகளோடு பொருந்தி அமைய, எழுத்துகள் வேறுவேறாகப் பிறக்கும் என்பது அவர் கருத்து. இங்கும் இடங்கள் எட்டே. சிக்ஷை நாவின் அடியை மட்டும் எண்ண, தொல்காப்பியனார் நாவை முழுமையாக எண்ணுகிறார். காரணம் அடுத்த சூத்திரங்களிலேயே விளங்கும். தமிழ் மெய்களை அவர் வகுக்கும்போது, நாவின் முதல், இடை, நுனி, விளிம்பு ஆகியவை தனித்தனியே தொழில் செய்கின்றன.

உயிர் பன்னிரண்டும் மிடற்றுக் காற்றால் பிறப்பன. அவற்றுள் அகர ஆகாரங்களுக்கு வாய் திறத்தலே போதும். இகரம் முதலிய ஐந்துக்கு நாவின் விளிம்பு மேற்பல்லை அணுக வேண்டும். உகரம் முதலிய ஐந்துக்கு இதழ் குவிய வேண்டும். மெய்களுள் க, ங இரண்டும் நாவின் அடியும் அண்ணத்தின் அடியும் பொருந்தப் பிறப்பன. ச, ஞ இடைநாவாலும், ட, ண நுனிநாவாலும் பிறப்பன. த, ந இரண்டுக்கும் நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைப் பொருந்துகிறது. ப, ம இரண்டுக்கும் இதழ்கள் தம்முள் இயைகின்றன. வகரத்துக்குப் பல்லும் இதழும் இயைகின்றன. சிக்ஷை நூலாரும் வகாரத்தைப் பல்லுக்கும் இதழுக்கும் உரியதாகவே சொல்வர்.

மெல்லெழுத்து ஆறுக்கும் அவர் வகுக்கும் விதி மிக நுட்பமானது. அவை தத்தம் இன வல்லெழுத்தின் இடத்திலேயே பிறப்பினும், மூக்கின் காற்றும் கூடியே ஒலிக்கும் என்கிறார். வாயில் ஓர் இடத்தில் அடைப்பும், அதே வேளையில் மூக்கின் வழித் திறப்பும் என இரண்டு தொழில்கள் ஒருங்கு நிகழ்வதை இது காட்டுகிறது. இக்கால ஒலியியலும் மூக்கொலிகளை இவ்வாறே விளக்கும்.

அகமும் புறமும்: தொல்காப்பியனார் இட்ட எல்லை

பிறப்பியலின் முடிவில் ஆசிரியர் ஓர் எல்லை கோலுகிறார். அகத்தே எழுகின்ற காற்றின் இசையை ஆராய்ந்து அதன் அளவைக் கொள்ளுதல் அந்தணரது மறையின்கண் உள்ளது. அதனைத் தாம் இங்குக் கூறாது, புறத்தே வந்து செவிக்குப் புலனாகும் ஒலியின் அளவையே கூறியதாகச் சொல்லி இயலை முடிக்கிறார்.

இவ்வெல்லையின் பொருள் என்ன? வாக்கு நான்கு பகுதியாக அளக்கப்பட்டது என்றும், அவற்றுள் மூன்று மறைவில் உள்ளன என்றும், நான்காவதையே மனிதர் பேசுகின்றனர் என்றும் ரிக்வேதம் கூறும். பர்த்ருஹரி பச்யந்தீ, மத்யமா, வைகரீ என வாக்கை வகுத்தார். பின்வந்தோர் பரா என்பதையும் கூட்டி நான்காக எண்ணினர். தொல்காப்பியனார் இப்பாகுபாட்டை மறுக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை. அது எந்நூலின் பொருள் என்பதைச் சுட்டி, அந்நூலுக்கே விட்டுவிடுகிறார். தாம் எடுத்துக்கொண்டதோ நாவும் இதழும் அண்ணமும் செய்யும் தொழில். ஒவ்வொருவரும் தம் வாயிலேயே சோதித்து அறியத்தக்க தொழில்.

ஆயினும் காற்று உந்தியில் எழுவதை அவரும் சொன்னார். பத்மநாபனுடைய உந்திக்கமலத்திலே பிறந்த நான்முகனே வேதத்தை முதலில் ஓதியவன் என்பதை அநுஸந்திக்கும் அடியார்க்கு, ஒவ்வோர் ஓதுதலும் உந்தியிற் பிறக்கிறது என்னும் இலக்கணம் இனிதாகவே இருக்கும். இது அநுபவத்துக்கு உரியதேயன்றி இலக்கண வாதத்துக்கு உரியதன்று. இரண்டையும் கலவாமல் வைப்பதே தொல்காப்பியனார் கோலிய எல்லைக்கு நாம் செய்யும் மரியாதை.

இடைக்காலத்து இலக்கணமாகிய நன்னூல் இவ்வகையில் வேறொரு வழி சென்றது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சீயகங்கனுடைய வேண்டுகோளால் அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் சைனர். உள்ளிருந்து எழும் காற்றினால் அணுக்கூட்டம் திரண்டு எழுத்தொலியாகிறது என்பது அவர் கொள்கை. உயிரும் இடையினமும் மிடற்றிலும், மெல்லினம் மூக்கிலும், வல்லினம் நெஞ்சிலும், ஆய்தம் தலையிலும் இடம் பெறுவன என்று அவர் முதலில் இடத்தை வகுத்து, பின்னர் இதழ், நா, பல், அண்ணம் என்பவற்றின் தொழிலை முயற்சி எனப் பிரித்தார். இடம் வேறு, முயற்சி வேறு என்னும் இத்தெளிவு மாணாக்கர்க்கு மிக உதவியது.

மிடற்றின் உள்ளே

தமிழ் இலக்கணங்கள் விரிக்காத ஒன்றைப் பிராதிசாக்கியங்கள் விரித்தன. தைத்திரீய பிராதிசாக்கியம், மிடறு ஒடுங்கும்போது நாதமும், விரியும்போது ச்வாஸமும், இடைநிலையில் ஹகாரத்துக்குரிய ஒலியும் உண்டாகும் என்கிறது. ககாரத்துக்கும் ககாரத்தின் மூன்றாம் எழுத்தாகிய காரத்துக்கும் வாயில் இடம் ஒன்றே. நாவின் தொழிலும் ஒன்றே. முன்னது ச்வாஸத்தால் பிறப்பது, பின்னது நாதத்தால் பிறப்பது. வேறுபாடு முழுவதும் மிடற்றில் நிகழ்கிறது.

கண்ணுக்குப் புலனாகாத இவ்வுறுப்பைப் பிறர் கண்டது மிகப் பிற்காலத்தில்தான். மனுவேல் கார்சியா என்னும் இசை ஆசிரியர் 1854-இல் சிறு கண்ணாடியைத் தொண்டையில் வைத்து, சூரிய ஒளியைக் கொண்டு, தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தார். 1855-இல் அவர் எழுதியது இலண்டன் ராயல் சொஸைட்டியின் முன் வைக்கப்பட்டது. 1871-இல் விட்னி என்னும் அமெரிக்க வடமொழி அறிஞர் தைத்திரீய பிராதிசாக்கியத்தைத் திரிபாஷ்யரத்னம் என்னும் உரையோடு பதிப்பித்து மொழிபெயர்த்தார். 1953-இல் ஆலன் என்பவர் பண்டை இந்திய ஒலியியலைப் பற்றித் தனிநூலே எழுதி, நாத ச்வாஸ வேறுபாட்டை நம் முன்னோர் உணர்ந்திருந்த தெளிவை மேலைநாட்டார்க்கு எடுத்துக்காட்டினார்.

இன்றைய உடற்கூற்று அறிவின்படி, நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையில் உள்ள இரண்டு மடிப்புகளை விலக்குகிறது. அவற்றின் மீள்திறனும் காற்றின் இயக்கமும் அவற்றை மீண்டும் நெருக்குகின்றன. ஆடவர் பேசுகையில் பெரும்பாலும் நொடிக்கு 100 முதல் 150 முறையளவிலும், மகளிர் பேசுகையில் ஏறத்தாழ 200 முறையளவிலும் இது நிகழ்கிறது. இதுவே நாதம். மடிப்புகள் விலகியே நின்றால் ச்வாஸம். இடத்தை எண்ணும் முறையில் மட்டும் நாம் கவனம் கொள்ள வேண்டும். தலையும் நெஞ்சும் ஒலி பிறக்கும் இடங்கள் என்பதை இக்கால அறிவியல் அவ்வாறே ஏற்பதில்லை. பாடுவோர் அவ்விடங்களில் அதிர்வை உணர்வதை மறுப்பதும் இல்லை. சிக்ஷை அவற்றை மந்த்ர, தார ஸ்தாயிகளோடு இணைத்தே பேசியது என்பதை நினைத்தால், முன்னோர் குறித்தது ஓதுவான் தன் உடலில் உணர்வதையே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

தொல்காப்பியனார் நாத ச்வாஸ வேறுபாட்டைக் கூறாதது குறையாகாது. தமிழில் அவ்வேறுபாடு எழுத்தை வேறாக்குவதில்லை. சொல்லில் எழுத்து நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. கடல் என்பதன் ககரம் ச்வாஸம். தங்கம் என்பதன் ககரம் நாதம். 1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும் இவ்வியல்பைத் திராவிட மொழிகளின் சிறப்பாகக் குறித்தது. ஆனால் வடமொழித் திருநாமங்கள் அருளிச்செயலில் தமிழ் எழுத்தால் எழுதப்படும்போது இங்கே ஒரு நுட்பம் தோன்றுகிறது. கேசவன், கோவிந்தன் என்னும் இரண்டும் ககரத்தாலேயே தொடங்குகின்றன. கோஷ்டியில் சேவிக்கும் நா முன்னதை ச்வாஸமாகவும் பின்னதை நாதமாகவும் ஒலிக்கிறது. இவ்வேறுபாடு ஏட்டில் இல்லை. ஆசாரியன் வாயிலிருந்து சீடன் செவிக்கு வந்தது அது.

வடிவம் நிற்க ஒலி மாறியவை

இனி, பிறப்பியலை அளவுகோலாகக் கொண்டு இன்றைய நாவை நோக்குவோம். றகரமும் னகரமும் பிறக்கும் முறையைச் சொல்லுமிடத்து, நுனிநா மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை ஒற்ற வேண்டும் என்கிறார் ஆசிரியர். ரகரத்துக்கும் ழகரத்துக்கும் நுனிநா எழுந்து அண்ணத்தை வருட வேண்டும் என்கிறார். ஒற்றுதல் வேறு, வருடுதல் வேறு. ஒற்றும்போது காற்று அடைபடும். வருடும்போது ஓடிக்கொண்டே இருக்கும். றகரம் வல்லினத்துள் எண்ணப்பட்டதன் காரணம் இதுவே: கசடதப ஆகியவற்றைப் போல அதுவும் ஓர் அடைப்பொலி. ரகரம் இடையினம்.

இன்று தமிழ்நாட்டில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கின்றனர். வேறுபடுத்துவோரும் றகரத்தை அழுத்தமான ரகரமாகவே கொள்கின்றனர். கற்று, வெற்றி முதலிய சொற்களில் டகரமும் ரகரமும் கலந்தாற்போன்ற ஒலி எழுகிறது. ஆனால் மலையாளத்திலும் யாழ்ப்பாணத் தமிழிலும் இரட்டை றகரம் இன்றும் மேற்பல்லின் பின்னுள்ள ஈறில் நுனிநா ஒற்றும் தூய அடைப்பொலியாகவே கேட்கிறது. அவ்வாறே நகரமும் னகரமும் தமிழ்நாட்டு நாவில் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. மலையாளத்தார் எழுத்து ஒன்றேயாயினும் அவ்விரண்டு ஒலிகளையும் பிரித்தே ஒலிக்கின்றனர். வரிவடிவத்தைக் காத்தவர்கள் ஒலியை இழந்தனர். வரிவடிவத்தை விட்டவர்கள் ஒலியைக் காத்தனர். எழுத்து என்பது உறுப்பின் தொழில் என்று முன்னர்க் கூறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ழகரத்தின் வரலாறும் இத்தகையதே. பழங்கன்னடக் கல்வெட்டுகளிலும் பழந்தெலுங்குக் கல்வெட்டுகளிலும் அதற்குத் தனி எழுத்து இருந்தது. பின்னர் அம்மொழிகளில் ஒலியும் எழுத்தும் வழக்கொழிந்தன. தமிழிலும் பல வட்டாரங்களில் அது ளகரமாகிவிட்டது.

இதனால் அருளிச்செயலுக்கு வரும் குறை என்ன எனின், சொற்பொருளே மாறுபடும் என்க. ஆழி என்பது எம்பெருமானுடைய சக்கரத்தையும் அவன் கண்வளர்ந்தருளும் கடலையும் குறிக்கும். நா வருடாது ஒழியின் அது ஆளி என்னும் விலங்காகிவிடும். அரி என்பது அவன் திருநாமம். அறி என்பது அறிவாயாக என்னும் ஏவல். மறை என்பது வேதம். மரை என்பது மானின் ஒரு வகை. ஆண்டாள் அருளிய திருப்பாவையின் நான்காம் பாசுரம் ழகரம் மிக்குப் பயில்வது. அதனை ளகரமாகவே சேவித்தால், மழையை அழைக்கும் அப்பாசுரத்தின் ஓசையின்பம் முழுவதும் கெடும். த்வஷ்டாவுக்கு நேர்ந்த கேடு நமக்கு நேராது; பரமகாருணிகனான எம்பெருமான் மழலையையும் உகப்பவன். ஆயினும் அவன் உகப்பை நம் சோம்பலுக்குக் காரணமாக்குதல் தகாது.

சந்தையின் இடம்

பாணினீய சிக்ஷை, பெண்புலி தன் குட்டிகளைப் பற்களாற் கவ்விச் செல்வதை எழுத்தை உச்சரிப்பதற்கு உவமையாக்குகிறது. பற்று தளர்ந்தால் குட்டி விழும். இறுகினால் பல் பதியும். எழுத்தையும் விழவிடாமலும் கடியாமலும் ஒலிக்க வேண்டும். அந்நூலே ஓதுவாருள் தாழ்ந்தவர்கள் அறுவரை எண்ணுகிறது: இராகமிட்டு இழுப்பவன், விரைபவன், தலையசைப்பவன், எழுதியதைப் பார்த்துப் படிப்பவன், பொருளறியாதவன், குரல் மெலிந்தவன். எழுதியதைப் பார்த்துப் படிப்பவனை இவ்வரிசையில் வைத்ததன் காரணம் இப்போது விளங்கும். எழுத்துருவம் நாவின் தொழிலைக் கற்பிப்பதில்லை.

நாதமுனிகள் மதுரகவியாழ்வாருடைய பிரபந்தத்தைப் பன்னீராயிரம் உரு ஓதி, நம்மாழ்வாரிடம் நாலாயிரத்தையும் பெற்றார் என்று குருபரம்பரை கூறும். பெற்றதை அவர் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வாருக்கும் மேலையகத்தாழ்வாருக்கும் இசையோடு பயிற்றுவித்தார். வாய்வழியே வந்தது வாய்வழியே சென்றது. ஆசிரியன் ஒருமுறை சொல்ல மாணாக்கன் இருமுறை சொல்லும் சந்தைமுறை வேதத்துக்கும் பிரபந்தத்துக்கும் பொதுவாயிற்று. வியாக்கியானங்களும் இம்மரபிலேயே வந்தன. நம்பிள்ளை காலக்ஷேபமாக அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டிற் படுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அப்பெயரில் உள்ள படி என்னும் அளவும் ஒலியின் அளவே: ஒற்று நீக்கி எண்ணிய முப்பத்திரண்டு எழுத்து ஒரு படி. உரைநடையையும் நம் பெரியோர் ஓதும் அளவாலேயே அளந்தனர்.

திருநாராயணபுரத்திலும் திருமலையிலும் கன்னடமும் தெலுங்கும் பேசும் நாக்கள் அருளிச்செயலைச் சேவித்து வருகின்றன. தம் தாய்மொழியில் மறைந்துபோன ழகரத்தை அவர்கள் பெறும் வழி ஏடு அன்று, சந்தையே. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கும் இன்று நிலைமை பெரிதும் வேறன்று. ஆதலால் சந்தை சொல்லிவைக்கும் பெரியோர், பாசுரம் தொடங்குமுன் மாணாக்கர்க்குப் பிறப்பியலின் சில சூத்திரங்களைத் தம் வாயாலேயே செய்து காட்டுவது நலம். ஒற்றுதல் இது, வருடுதல் இது, த, ந இரண்டுக்கும் நா பல்லின் அடியை நாடும், றகர னகரங்களுக்கு அண்ணத்தை நாடும் என்று காட்ட ஒரு நாழிகை போதும். குரல்பதிவுக் கருவிகள் மலிந்த இக்காலத்தில் முதிர்ந்த அத்யாபகர்களின் உச்சரிப்பைப் பதிந்து வைப்பதும் இன்றியமையாதது. எனினும், பதிவு பிழையைக் கேட்டுத் திருத்தாது. திருத்துவது எதிரே அமர்ந்திருக்கும் ஆசாரியனின் செவி. ஒலியைப் பிறப்பிக்கும் உறுப்புகளை எண்ணிய நூல்கள் எவையும் செவியை அவற்றுள் சேர்க்கவில்லை. ஆனால் சுருதி என்னும் பெயர் அதனையே முன்வைக்கிறது.